ஆறு மணி என்று சொன்னவள்

தான் கால் வைக்காத ஓர் ஊருக்குப் பிறர் போகும் வழியை ஒருத்தி எதற்காக அத்தனை சுத்தமாகச் சொல்லித் தர வேண்டும்? அதுவும், போகிறவர்கள் ஒவ்வொருவர் மேலும் வயிறெரிந்துகொண்டே? உத்திரமேரூர் கடைத்தெருவில் உரக்கடை பஞ்சாட்சரத்தின் மனைவி சசிரேகாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. நல்ல மனசு என்று சிலர் சொன்னார்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக்கூடியது இல்லை அது.

கடைக்காரர்களுக்குக் கம்பெனிகள் சுற்றுலா கொடுப்பது இந்தப் பக்கம் வழக்கம். வருஷத்தில் இவ்வளவு சரக்கு எடுத்தால் கணவன் மனைவி இருவருக்கும் விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி பஞ்சாட்சரத்துக்கு அந்தமான் கொடுத்தது. சேதி வந்த நாளிலிருந்து சசிரேகா அந்தமானைப் படிக்கத் தொடங்கினாள். எந்த மாதத்தில் மழை, எந்தத் தீவுக்கு எந்தக் கப்பல், எங்கே குளிக்கலாம், எங்கே குளிக்கக் கூடாது என்று போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தாள். காஞ்சிபுரம் போய் ஓலைத்தொப்பி ஒன்று வாங்கி வந்தாள். கிளம்ப வேண்டிய நேரத்தில் பஞ்சாட்சரம் சுற்றுலாவை வேண்டாமென்று சொல்லி, அதற்குப் பதில் சரக்கில் தள்ளுபடி வாங்கிக்கொண்டார்.

“தண்ணிய பாக்க பிளேன்ல போவணுமா? நம்ம ஏரி ரொம்பித்தான கீது” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது தண்ணீர்தான்.

தொப்பி பீரோவுக்குள் போயிற்று. படித்தது மட்டும் போக இடமில்லாமல் சசிரேகாவிடமே இருந்தது. அதன் பிறகு கடைத்தெருவில் யாருக்கு அந்தமான் விழுந்தாலும் அவளிடம் வந்தார்கள். டைல்ஸ் கடை வீராசாமி முதலில் வந்தார்.

“கையில பணமா எடுத்துக்கினு போங்கண்ணா. அங்க டவரு வந்து வந்து போவும், போன்ல பணம் அனுப்பறதெல்லாம் நம்ப முடியாது. கப்பல் ஏறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லியோட நிறுத்திக்கிங்க. அண்ணி வாந்தி எடுத்துட்டாங்கன்னா அந்த நாளே பேஜாரு. கரையில கெடக்குற சிப்பி, பவளம் எதையும் பொறுக்காதீங்க, ஏர்போர்ட்ல புடுங்கிக்குவாங்க. கடையில பில்லு போட்டு வாங்குங்க. முக்கியமா, சாயங்காலம் நாலு மணிக்கே பீச்சுக்குப் போய் குந்திடுங்க. அங்க மார்கழில அஞ்சேகாலுக்கெல்லாம் பொழுது பூடும்.”

“ஏம்மா, நீ எத்தினி வாட்டி போய்க்கினு வந்த?” என்று கேட்டார் வீராசாமி.

சசிரேகா அவருக்கு டீ போட உள்ளே போனாள். அவர்கள் போய்விட்டு வந்து படங்களைக் காட்டியபோது ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். “வெய்யிலுக்கு முதுகு காட்டி நின்னுட்டீங்க, மூஞ்சே தெரியல” என்று மட்டும் சொன்னாள். பிறகு வெகுநாள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பொறாமைக்கு ஒரு நேர்மை உண்டு. தான் இழந்ததை அது ஒரு பிடி குறைவாகவோ கூடுதலாகவோ அளப்பதில்லை. அவள் தப்பாகச் சொல்லிக் கொடுத்து அவர்கள் தப்பாகப் பார்த்துவிட்டு வந்தால், எதை நினைத்து அவள் பொறாமைப்படுவது? அதனால்தான் சரியாகச் சொன்னாளோ என்னவோ.

கல்பனா விஷயத்தில் அந்த நேர்மை நிற்கவில்லை.

கல்பனா, பஞ்சாட்சரத்தின் தம்பி கலைச்செல்வனின் மனைவி. ஒரே வாசலுக்குள் இரண்டு வீடு. கலைச்செல்வன் சிமெண்ட் கடை வைத்து மூன்றாம் வருஷமே அந்தமான் கிடைத்தது, அதுவும் மார்கழியில். அவன் தள்ளுபடியைப் பற்றி யோசிக்கவே இல்லை. கல்பனாவுக்கோ அந்தமான் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

“அக்கா, அதுக்குப் பாஸ்போர்ட்டு வேணுமா?”

“நம்ம நாடுதான் அது. ஆதார் போதும்.”

“தமிழ் பேசுவாங்களா?”

“உன்ன வுட நல்லாவே பேசுவாங்க.”

கல்பனா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைக் குத்துவது எப்போதும் கஷ்டம். எது சொன்னாலும் சிரித்து முடித்துவிடுவாள். “உன்கிட்ட தொப்பி ஏதனா கீதாக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“ஒரு நாளு சும்மா வுடறாங்களாம். நம்ம இஷ்டத்துக்கு சுத்திக்கலாமாம். இவரு அந்த ராதாநகர் பீச்சுல பொழுது எறங்கறத பாக்கணுமின்றாரு. எத்தினி மணிக்குப் போனா நல்லா இருக்கும்?”

“ஆறு மணிக்குப் போ. அப்பதான் எறங்கும்” என்றாள் சசிரேகா.

சொன்னபோது குரல் மாறவில்லை. ஊரெல்லாம் பார்த்த ஒன்றை இவள் ஒருத்தி பார்க்காமல் வரட்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கல்பனா சொன்ன அந்தச் சும்மா விடும் நாள் எதுவென்று அவளுக்குத் தெரியும். அன்று மாலை கடைக்கு டீ எடுத்துப் போகும்போது கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தேகால். பேருந்து நிலையத்துச் சுவரில் இன்னும் மஞ்சள் வெயில் இருந்தது. அங்கே முடிந்திருக்கும். தம்ளரை வைத்துவிட்டு நின்றவளைப் பார்த்து, “இன்னா, சிரிக்கிற?” என்றார் பஞ்சாட்சரம்.

“ஒண்ணுமில்ல.”

திரும்பி வந்த மறுநாளே கல்பனா வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“ஆறு மணிக்குப் போனா ஒரே இருட்டுக்கா. செக்யூரிட்டி விசிலு ஊதி எல்லாரையும் தொரத்திக்கினு கீறான்.”

“அப்டியா” என்றாள் சசிரேகா. கையிலிருந்த வெங்காயத்தை மெதுவாக அரிந்தாள்.

“எனக்கு அயுகையே வந்துடுச்சி. ரூமுக்கு வரமாட்டேன்னுட்டு ஓட்டலு பின்னாடி கீற கரையில போய் குந்திக்கினேன். இவரும் வந்து குந்தினாரு. சும்மா கால தண்ணியில வெச்சேங்கா. கால சுத்தி நீலமா வெளிச்சம். எடுத்தா போயிடுது, வெச்சா வருது. கையால தட்டினா பொறி பறக்கற மாரி பறக்குது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சியாம், நெலா இல்லாத அன்னிக்குத்தான் தெரியுமாம். எங்க பேட்ச்சுல ஒருத்தரும் பாக்கல. எல்லாம் பொழுது எறங்கறத பாத்துட்டு சாப்ட போயிட்டாங்க.” கல்பனா அவள் கைமேல் கை வைத்தாள். “நீ ஆறு மணின்னு சொன்ன பாரு, அதாலதான்.”

சசிரேகா அவள் முகத்தைப் பார்த்தாள். குத்தல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

“போட்டோ எடுத்தியா?”

“வீடியோ எடுத்தாரு. ஒண்ணும் வுழல, கருப்பாதான் கீது. அனுப்பறேன் பாரு.”

அது வந்தது. தொடக்கம் முதல் கடைசி வரை வெறும் கருப்பு. அலைச் சத்தம், கல்பனாவின் சிரிப்பு, நடுவில் கலைச்செல்வன் சின்னக் குரலில், “வைய்யி, இன்னொருவாட்டி கால வைய்யி” என்பது. சசிரேகா போனின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தாள். அவள் படித்ததில் இது எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்தால் இருக்கத்தான் செய்தது, அமாவாசையை ஒட்டித்தான் தெரியும் என்பது உட்பட. யாரும் கேட்காத கேள்வி என்பதால் அவளும் தேடியிருக்கவில்லை. மற்றவர்கள் பார்த்ததை எல்லாம் அவள் மனசால் முன்பே பார்த்திருந்தாள். அதனால் அவளுடைய பொறாமைக்கு ஓர் உருவம் இருந்தது. இதற்கு அது இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் கல்பனா எல்லோரும் பார்த்ததையே பார்த்துவிட்டு வந்திருப்பாள். அவளுக்கு மட்டும் என்று ஒன்றைத் தேடிக் கொடுத்தது தன் வாய்தான் என்பதை விழுங்கவும் முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

அதன் பிறகும் ஆட்கள் வந்து கேட்டார்கள். சசிரேகா சொன்னாள். பணம், கப்பல், இட்லி, சிப்பி, நாலு மணி. இருட்டைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கருப்பு வீடியோவை அழிக்கவும் இல்லை.

அடுத்த வருஷம் பஞ்சாட்சரத்துக்கு மறுபடியும் அந்தமான் வந்தது. தம்பி போய்விட்டு வந்ததாலோ, வீட்டில் பேச்சு குறைந்துபோனதாலோ, அவர் இந்த முறை தள்ளுபடி கேட்கவில்லை. கம்பெனிக்காரர் ஆல்வின் கடைக்கு வந்தபோது, “தேதிய அவளயே கேளுங்க சார், அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றார்.

“ரெண்டு பேட்ச் இருக்கு மேடம். எது வேணும்னு இப்பவே சொல்லிடுங்க” என்று ஆல்வின் இரண்டு தேதிகளையும் சொன்னார்.

சிமெண்ட் கடையிலிருந்து வந்து நின்றிருந்த கல்பனா, சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினாள்.

“அக்கா, மொத பேட்ச்சு அமாவாசைக்கு மறுநாளு. ரெண்டாவதுல போனா நடுவுல பௌர்ணமி வருது, ஒண்ணும் தெரியாது. மொதல்லயே போ. நான் குந்தின எடத்த சொல்றேன், நேரா அங்க போயிடு.”

சசிரேகா காலண்டரைப் பார்த்தாள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. சுற்றுலா என்ற சேதி வந்த அன்றே அவள் கம்பெனிக்குப் போன் போட்டு இரண்டு தேதிகளையும் கேட்டு, இரண்டு நிலாவையும் பார்த்து வைத்திருந்தாள். தொப்பியைக்கூட எடுத்து வெயிலில் காயவைத்திருந்தாள். ஆனால் தன் பொய்யால் கல்பனாவுக்குக் கிடைத்ததை, அதே கல்பனா வழி சொல்லப் போய்ப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

“ரெண்டாவது போடுங்க சார்.”

“அப்புறம் மாத்த முடியாது மேடம்.”

“போடுங்க.”

கல்பனா காலண்டர் தாளைப் பிடித்தபடியே நின்றாள். “ஏங்கா?” என்றாள். அதற்குப் பிறகும் பலமுறை அதைக் கேட்டிருக்கிறாள். சசிரேகா டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.