இருபத்தொன்றாவது கணு

பென்சில் முனையை நாக்கில் தொட்டு, 'உப்பு' என்று எழுதுகிறார். கீழே தேதி. அதற்கும் கீழே, அது உப்புதான் என்று இனம் கண்டவராகத் தம் பெயரின் முதலெழுத்துகள். வெளியிலிருந்து படிக்கிற மாதிரி சீட்டைக் கண்ணாடிப் புட்டிக்குள் செருகுகிறார். புட்டியில் ஏற்கெனவே 'சர்க்கரை' என்று ஒரு சீட்டு இருக்கிறது.

"அதையாவது எடுத்துப் போடேன். நேத்து காபியில நான் பட்டது போதாதா?" என்கிறார் கணவர், சமையலறை வாசலில் நின்றபடி.

"பழைய சீட்டை எடுக்கக் கூடாதுங்க. முன்னாடி இது என்னவா இருந்துச்சுன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"பின்னாடி வர்றது நான்தானே? எனக்குத் தெரிய வேணாம்."

முப்பத்தொரு வருட அருங்காட்சியக வேலை சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. அங்கே கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீண்ட அறையில், ஸ்பிரிட் நிரப்பிய நாலாயிரத்துச் சொச்சம் புட்டிகளுக்கு இவர்தான் பொறுப்பு. எல்லாம் கடல்புழுக்கள். விரல் நீளம், கணுக்கணுவாக உடம்பு, கணுவுக்கு இரண்டு பக்கமும் கால் போன்ற மடல், மடலில் முள் மாதிரி முடிகள். அந்த முடிகளை நுண்ணோக்கியில் எண்ணி, இது இன்னது என்று பெயர் சொல்வதுதான் தொழில். எண்ணும்போது உதடு அசையும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, முறைப்பு வரும். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் இவர் 'புழு மேடம்'. அது இவருக்கும் தெரியும். "நத்தைப் பிரிவுக்குப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனைச்சுப் பாருங்க" என்று தாமே சொல்லிச் சிரிப்பார்.

புழுக்களைப் பற்றி உறவுமுறை வைத்துத்தான் பேசுவார். "இது அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி." "இந்த ரெண்டும் பங்காளிங்க, ஆனா தாடையைப் பார்த்தா ஒத்துக்க மாட்டாங்க." ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் மீது மட்டும் தனிப் பாசம். அந்தக் குடும்பத்தின் வரலாறு, பாகப்பிரிவினை வழக்கு மாதிரி. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒருவர் ஒரே ஒரு புழுவைப் பார்த்துப் பெயர் வைத்தார். அடுத்தவர் அதே புழுவுக்கு, அது அதேதான் என்று தெரியாமல், வேறு பெயர் வைத்தார். மூன்றாமவர் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தார். நான்காமவர் சேர்த்தார். ஒன்றுக்கு இரண்டு பெயர் என்று பின்னால் தெரிந்தால் முதலில் அச்சேறிய பெயர்தான் நிற்கும், பிந்தியது விழுந்துவிடும் என்பது சட்டம்.

பார்வையாளர்களுக்கு இவர் சொல்லுகிற வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. சில கடல்புழுக்கள் இனப்பெருக்கக் காலத்தில் ஆளே மாறிவிடும். கண் பெருத்து, பின்பாதிக் கால்கள் துடுப்பாகி, மணலை விட்டு மேலே நீந்த வரும். பழைய காலத்து அறிஞர்கள் அதை வேறொரு புழு என்று நினைத்துத் தனிப் பெயர் கொடுத்துவிட்டார்கள். "கல்யாண அலங்காரத்துல பார்த்துட்டு, இந்தப் பொண்ணு யாருன்னு கேட்ட கதை" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தக் கதையை இவர் இப்போது சொல்லுவதில்லை.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் கப்பல் பயணத்தில் வந்த புட்டிகளில், இவருடைய பாசத்துக்குரிய குடும்பத்தைச் சேர்ந்த, யாரும் பார்த்திராத ஒரு புழு கிடைத்தது. பெரிய கண்கள், துடுப்புக் கால்கள். அந்தக் குடும்பத்தில் உருமாற்றம் நடப்பதாக அதுவரை எவரும் எழுதியிருக்கவில்லை. புதிய இனம் என்று இவர் முடிவு செய்தார். படம் வரையக் கொடுத்தது ஓவியர் அக்காவிடம். அருங்காட்சியகத்தில் எல்லாப் பிரிவுக்கும் அவர்தான் படம் போடுவார். இவரைவிட எட்டு வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டு இவரைத் தங்கையாக எடுத்துக்கொண்டவர்.

மூன்று நாள் வரைந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை, அக்கா பழைய புட்டி ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதில் இருந்தது, நூற்றைம்பது வருடங்களாக எல்லோருக்கும் தெரிந்த, மணலில் ஊர்கிற சாதாரணப் புழு.

"இங்க பாரு. முதல் இருபது கணு ரெண்டுலயும் அப்படியே இருக்கு. இருபத்தொண்ணாவதுலேருந்துதான் கால் மாறுது. இது வேற புழு இல்ல. அதேதான், வயசுக்கு வந்திருக்கு."

அறையில் அப்போது இவர்கள் இருவர் போக நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் இயக்குநர். இவர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, படம் போடுறது உங்க வேலை. பேர் வைக்கிறது எங்க வேலை." மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் படம் வந்தது. ஒரு முடிகூடத் தப்பாத படம். "சரியா இருக்கான்னு பாருங்க மேடம்" என்றார் அக்கா. 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது என்பது இவருக்கு உறைக்கவே நான்கைந்து நாள் ஆயிற்று. அதன்பிறகு எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் அக்காவிடமிருந்து, "நீங்க சொன்னா சரி மேடம்" என்ற ஒரே பதில்தான்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இரண்டு வார்த்தை. அது வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக, புதுப் புழுவுக்குக் குடும்பத்துக்குள்ளேயே தனிக்குடித்தனமாகப் புதுப் பேரினம் ஒன்றை ஏற்படுத்தி, அக்காவின் பெயரை லத்தீன் வால் ஒட்டி அதற்கு வைத்தார். அக்கா மறுக்கவில்லை. அந்தப் பெயர் அச்சான கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். நாற்பது வருடம் படம் போட்டவரின் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இது நான்தான். கடல்ல இருக்கேன்" என்பாராம்.

போன மாதம் வேறொரு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு புழுக்களையும் மரபணுச் சோதனை செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். திருத்தத்தை நீங்களே எழுதிவிடுகிறீர்களா, நாங்கள் எழுதட்டுமா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். திருத்தம் நான்கு பக்கம். எழுத மூன்று நாள்கூட ஆகவில்லை. அனுப்பத்தான் கை வரவில்லை. அனுப்பினால் பழைய பெயர் நிற்கும், அக்காவின் பெயர் விழும். யாரோ சொல்லி அக்காவுக்குத் தெரியவரக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவரிடம்கூடச் சொல்லாமல், பேருந்து ஏறினார்.

அக்காவுக்கு இப்போது ஒரு கண்ணில் பார்வை மங்கல். "வாங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் அந்தச் சட்டம். இவர் பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். பிறகு சட்டத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா சட்டத்தின் பக்கம் திரும்பினார். "இருபத்தொண்ணாவது கணுதானே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. நீங்க சொன்னதுதான். கட்டுரையில உங்க பேரையும் என் பேரோட சேர்த்துப் போடுறேன். கண்டுபிடிச்சது நீங்கதான்னு."

"வேணாம் மேடம். நான் படம் போடுறவ. பேர் விஷயமெல்லாம் உங்க வேலை."

அதில் குத்தல் இல்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து, தேநீர் போட உள்ளே போனவர், பாதி வழியில் நின்றார்.

"பேர் போனா போகட்டும். அதை நான் கேக்கவும் இல்ல. அன்னைக்கு நீ சிரிச்சே பாரு." முந்தானையை இழுத்துச் செருகினார். "அதான்."

இருபத்தாறு வருடம் கழித்து ஒரு 'நீ'. இவர் நிமிர்வதற்குள், "சர்க்கரை போடலாமா மேடம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மன்னிப்பை அன்றைக்கும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை திருத்தம் போய்விட்டது, இவர் ஒருவர் பெயரில். அக்கா வேண்டாம் என்ற பிறகு அச்சில் போட உரிமையில்லை. ஆனால் புட்டிக்குள் போகும் சீட்டுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. இனம் கண்டவர் எவரோ அவர் பெயர் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவர் கீழ்த்தளத்துக்குப் போய் அந்தப் புட்டியை இறக்கினார். மூடியைத் திறந்தார். உள்ளே இவர் கையால் எழுதிய பழைய சீட்டு, அக்காவின் பெயர் கொண்ட புழுப்பெயரோடு, எழுத்து மங்காமல் இருந்தது. அதைத் தொடவில்லை. புதுச் சீட்டில் நூற்றைம்பது வருடத்துப் பெயரை எழுதினார். 'இனம் கண்டவர்' என்ற இடத்தில் பென்சில் தயங்கவில்லை. முதலெழுத்துகளாகச் சுருக்காமல், அக்காவின் பெயரை முழுதாக எழுதினார். தேதியில் மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்து, இருபத்தாறு வருடங்களுக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமையின் தேதியைப் போட்டு, சீட்டை இடுக்கியால் பிடித்து ஸ்பிரிட்டுக்குள் இறக்கினார்.