நான் சலித்த தூள்

மதுரையில் வேதியியல் பட்டம் முடித்த கையோடு, எழுபதுகளின் கடைசியில், குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே சரிவில் வழுக்கி, மருந்து மூட்டையோடு உருண்டேன். செடிக்குத் தூள் தூவும் பெண்களில் ஒருத்தி, அடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"படிச்ச காலுக்கு மலை பிடிபடல."

இருபது பேர் சிரித்தார்கள். நான் மறக்கவில்லை.

பூச்சிமருந்துத் தூள் கரடுமுரடாக வந்தது. இலையில் ஒட்டாமல் உதிர்ந்தது. கல்லூரியில் படித்தது நினைவில் இருந்தது. துகளின் அளவை வைத்துத்தான் கலவைகளை வகை பிரிப்பார்கள்: கரைசல், கூழ்மம், தொங்கல். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு நானோமீட்டர்; அப்படி ஒன்றிலிருந்து ஆயிரம் வரை கூழ்மம். தூளை மல் துணியில் சலித்தேன், இன்னும் நெருக்கமான துணியில் மறுபடி சலித்தேன். கரட்டுத் தூள், சலித்தது, மறுபடி சலித்தது என்று மூன்று தகர டப்பா. மூன்றாவதில் இருந்ததை அளந்து பார்க்க என்னிடம் கருவி ஏதும் இல்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் அது புகையாய் எழுந்தது. கதவிடுக்கு வெயிலில் வெகுநேரம் கீழே இறங்காமல் நின்றது.

பருமனான தூசி மூக்கோடு நின்றுவிடும், நுண்ணியது நுரையீரலின் அடிவரை போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மூன்றாவது டப்பாவை அவளிடம் கொடுத்தேன். இரண்டு பருவம், அவளிடம் மட்டும்.

பூச்சி குறைந்தது. முதலாளி என் படிப்பை மெச்சினார். அவள் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு இருமினாள். டப்பாவை மாற்றித் தரும்படி அவள் புருஷன் வந்து கேட்டான். கண்ணுக்கே தெரியாத தூள் ஆளை என்ன செய்துவிடும் என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாம் பருவம் முடியுமுன் அவளை மலையிலிருந்து ஜீப்பில் கீழே கொண்டுபோனார்கள். டப்பாவை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. தூளை மண்ணில் புதைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் நான் பள்ளி ஆசிரியன். போடி பஸ் நிலையத்தில் என்னை முதலில் அடையாளம் கண்டது அவள்தான். மகளின் தோளைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள்.

"அந்த நைசுப் பொடிய... எனக்கு மட்டும்... ஏன் சார் குடுத்தீக?"

சொல்லியிருக்கலாம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் வெரசா, சுத்தமா வேலை பாப்பே. அதான் உன்னை நம்பிக் குடுத்தேன்."

அவள் முகம் மலர்ந்தது. மகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாடி? ஆத்தா வேலைய... சாரே சொல்றாக."

மகள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மதுரை பஸ் வந்தது. நான் ஏறி, அவர்கள் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும், மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.