கோவில் தமிழில் சொன்ன சேதி

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அங்கே படித்ததும் பிரெஞ்சும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலில் பூசாரி ஐயா சிலேட்டில் போட்டுக் காட்டியது. இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஞாபகமும் சரியில்லை. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் மொரீஷியஸில் பெல் ஒம்ப்ர் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவள். வீட்டில் பேசியது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த எங்கள் தீவுப் பேச்சு. தமிழ் என்றால் சாமிக்கு முன்னால் பாடுவது, காவடிக்குக் கொடி ஏற்றும்போது சொல்வது, மாமா, அத்தை, சித்தி என்று உறவைக் கூப்பிடுவது, அவ்வளவுதான். உப்பு கொடு, கதவைச் சாத்து என்பதையெல்லாம் நாங்கள் தமிழில் சொன்னதே இல்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தது. மானேஜர் துரை குதிரையில் வந்து, நாளைக்குக் கரும்பு வெட்டுக்கு வருவாயா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "பா கபாவ்" என்றார். முடியாது என்று அர்த்தம். முன்னே பின்னே ஒரு மரியாதை வார்த்தை இல்லாமல் அதை மட்டும் சொன்னார். அந்த வாரமே எங்களை லைன் வீட்டிலிருந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபோது அம்மா எங்களிடம் ஒன்று சொன்னாள்: பெரிய மனுஷர்களிடம் மொட்டையாகப் பேசாதே. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சுபாவமாகவே வெட்கப்படுகிறவள், அதற்குப் பிறகு இன்னும் வாய் அடைத்துப் போனது.

கல்யாணமாகி பீனிக்ஸுக்கு வந்தேன். வீட்டுக்காரர் தச்சு வேலை. நான் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்து, வாரத்துக்கு ஒரு தடவை ரயிலில் கியூர்பிப் போய் ஒரு துணிக்கடையில் கொடுப்பேன். கடைக்காரர் இந்தியாவிலிருந்து வந்த தமிழர். யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்தான் என் சிநேகிதி. பெங்களூர்ப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். கடைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கே உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் ரவிக்கைகளுக்குக் கொக்கி தைப்போம்.

கியூர்பிப் மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த அறையின் சுவரில் பூஞ்சணம் படர்ந்து பச்சையாக இருக்கும். சேலை மூன்று நாளானாலும் காயாது, கரி அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைப்பார்கள். அந்தப் புகையில் அவள் இருமுவாள். "எங்க ஊர்லயும் குளிர் உண்டு அக்கா. ஆனா அது வெயிலோட வர்ற குளிர்" என்பாள். வீதிக்கு வீதி மரம், வீட்டுக்கு வீடு பூந்தோட்டம், அண்ணன் தொட்டியில் வளர்க்கிற ரோஜா என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இதையெல்லாம் கிரியோலில் பேசுவாள். வந்த ஒரு வருஷத்தில் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அவளுடைய மாமியாரும் ஊரிலிருந்து வந்து கூட இருந்தாள், அந்த அம்மாவுக்குக் கிரியோல் தெரியாது. அதனால் மனசில் உள்ளது எல்லாம் எங்களுக்குள் கிரியோலில்தான். மாமியார் அடுக்களையிலிருந்து, "என்னடி ரெண்டு பேரும் வாத்து மாதிரி க்வா க்வான்னு" என்று கத்துவாள்.

நாலு வருஷத்தில் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, இருபது நாள் இருந்து போய்விட்டது. அதற்குப் பிறகு இருமல் கூடிக்கொண்டே போனது. பிறந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஆனால் அங்கிருந்து அழைத்து எழுதினால்தான் அனுப்புவார்கள், தானாகப் போக முடியாது. அவள் எழுதுகிற கடிதத்தைக் கணவர் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவார். அப்புறம் எதை எழுதுவாள்? எல்லாரும் சௌக்கியம் என்று எழுதுவாள்.

அந்த நேரத்தில் எங்கள் மாமனார் பழனிக்கு நேர்ந்துகொண்ட பிரார்த்தனையைத் தீர்க்க என் வீட்டுக்காரரும் நானும் கப்பலில் பம்பாய் போவதாக ஏற்பாடானது. பழனி முடித்துத் திரும்பும்போது பெங்களூரில் நாலு நாள் தங்கச் சொல்லி சிநேகிதி வீட்டார் எழுதினார்கள். புறப்படுவதற்கு முந்தின வாரம் அவள் கொக்கி தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லு. அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம், அம்மாகிட்ட மூச்சு விடாதே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு பொய்யா ஒரு கடுதாசி அண்ணன் போட்டாப் போதும், இவங்க அனுப்பிடுவாங்க. நான் சொன்னேன்னு சொல்லு: மோ நெப்லி கபாவ்."

இனிமேல் என்னால் முடியாது என்பதற்குக் கிரியோலில் மூன்றே வார்த்தை. சொல்கிறேன் என்று கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது.

கப்பலில் பதினைந்து நாளோ என்னவோ, படுத்துக்கொண்டே அந்தச் சேதியைத் தமிழாக்கினேன். அவளுடைய அண்ணன் கவர்ன்மென்ட் ஆபீஸில் பெரிய வேலை பார்க்கிறவர். அவர் முன்னால் போய் மொட்டையாக "முடியலையாம்" என்றால் மரியாதை இல்லையே. எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் கோர்த்தேன். தெரிந்த நல்ல வார்த்தை எல்லாம் சாமி முன்னால் சொல்கிற வார்த்தை. மனப்பாடம் ஆகும்வரை சொல்லிப் பார்த்தேன்.

பெங்களூரில் அவர்கள் வீடு அல்சூர் பக்கம். அவள் சொன்னது பொய்யில்லை. வாசலிலிருந்து படி வரை ரோஜாத் தொட்டிகள், மதில் மேலே காகிதப்பூ. எனக்கு அதைப் பார்த்து சந்தோஷம் வரவில்லை. அந்தப் பச்சைச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி. அவள் கொடுத்தனுப்பிய போட்டோவைக் கொடுத்தேன். கியூர்பிப் ஸ்டூடியோவில் நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, முதல் வருஷத்தில் எடுத்தது. "பூசினாப்பல இருக்கா" என்று அண்ணிக்குச் சந்தோஷம். அப்புறம் என்னிடம், "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள்.

"அருந்துகிறேன்" என்றேன்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே வேடிக்கைதான். அன்பான சிரிப்பு, கெட்ட எண்ணம் கிடையாது. "இவங்க பேசுறதைக் கேட்டா கையெடுத்துக் கும்பிடத் தோணுது" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வந்து காட்டினாள். என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு ஒரு பாட்டுப் பாடிவிடுவார். எனக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து ஊதா நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அங்கே ரொம்ப மழை என்று மகள் எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தாளாம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"அவ இருமுறாளா?"

அந்த வீட்டில் நேராகக் கேட்டது அவள் ஒருத்திதான். அவளிடம்தான் சொல்லக் கூடாது. "இல்லை" என்றேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள்.

இரண்டாம் நாள் எல்லாரும் லால்பாக் தோட்டத்துக்குப் போனோம். நம் பாம்ப்ளமூஸ் தோட்டத்தைவிடப் பெரியதா சின்னதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் மரத்தைப் பார்க்கவே இல்லை, அண்ணன் எப்போது தனியாக வருவார் என்றுதான் பார்த்தேன். கண்ணாடி மண்டபத்தைத் தாண்டி ஒரு பெரிய மரத்தைக் காட்ட அவர் முன்னால் நடந்தார். நான் கூடவே போனேன். மற்றவர்கள் பின்தங்கினார்கள். கையைக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் பண்ணியதை அப்படியே சொன்னேன்.

"தங்கள் இளைய சகோதரி கடல் கடந்த தேசத்தில் மிகுந்த துயருற்று, தங்கள் அடைக்கலத்தை நாடி, அனுதினமும் காத்திருக்கிறாள். தாங்கள் கருணை கூர்ந்து அழைத்தருள வேண்டும்."

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்து, "அடடா" என்றார். "இந்த மாதிரி எங்க ஊர்ல நாடகத்துலதாம்மா பேசுவாங்க." பின்னால் திரும்பி, "இங்க வா, இதைக் கேளு. இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.

அண்ணி ஓடி வந்தாள். நான் இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவை புரியாதது இரண்டாம் தடவை புரிந்துவிடும் என்று நினைத்தேனோ, பெரியவர் கேட்டதால் சொன்னேனோ, தெரியவில்லை. அண்ணி கை தட்டினாள். அவர் அன்பாகச் சொன்னார், "சின்ன வயசுலயே அவ அப்படித்தான். ஒரு நெல்லிக்கா பறிச்சுக் குடுக்கலேன்னா உசிரு போற மாதிரி அழுவா. எங்க ஞாபகம் இருக்கத்தானே செய்யும். அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ பார்க்கலாம்."

நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவள் இருமுகிறாள், காய்ச்சல் அடிக்கிறது, பிள்ளை போன பிறகு சோறு இறங்கவில்லை என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைகளுக்குத் தமிழ் எனக்கு அப்போது தெரியாமலும் இல்லை, அவள் மாமியார் வாயிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அது அடுக்களைப் பேச்சு, பெரியவர்களிடம் பேசுகிற பேச்சில்லை என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அவர் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா, இன்னிக்கு என்ன பாட்டு?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

நாலாம் நாள் ரயிலேற்ற அவர் மட்டும் வந்தார். வீட்டில் கிளம்பும்போதே அம்மா அந்த ஸ்வெட்டரைக் காகிதத்தில் சுற்றி என் மடியில் வைத்திருந்தாள். வண்டி நகர ஆரம்பித்ததும் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நான் வாயைத் திறந்தேன், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் காதைக் கொஞ்சம் சாய்த்து, "என்னம்மா?" என்று கேட்ட மாதிரியும் ஞாபகம். ஏதோ சொன்னேன். தமிழில் "அவளால முடியல" என்றேனோ, பதற்றத்தில் கிரியோலில் வந்ததோ, சத்தமே வரவில்லையோ தெரியாது. அவர் கையைக் காட்டினார். வண்டி போய்விட்டது. நீ ஒன்றும் சொல்லவில்லை, அழுதாய், அவ்வளவுதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கும் அந்தப் பக்கம் பார்க்க நேரமில்லை, பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் கியூர்பிப் போனேன். அன்றைக்கும் மழை. ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அதை முகத்தில் வைத்துக்கொண்டு, "சொன்னியா?" என்றாள்.

"சொன்னேன்."

"என்னன்னு சொன்னே?"

ஒப்பித்தேன். முதலில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, அது அடங்க நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வார்த்தைதானே அக்கா குடுத்தேன்" என்றாள். திட்டவில்லை. கொக்கிப் பெட்டியைத் திறந்து எனக்கும் ஒரு ரவிக்கையைத் தள்ளினாள்.

அப்புறமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போய் நிற்பாள். ஒரு கடிதம் வந்தது. கணவர் உரக்கப் படித்தார். எல்லாரும் சௌக்கியம், உன் சிநேகிதியின் தமிழை இன்னும் பேசிப் பேசிச் சிரிக்கிறோம் என்று இருந்தது. இன்னொரு தடவை யார் மூலமாவது சொல்லி அனுப்பலாமா என்று கேட்டேன். "இனி யார் போறாங்க" என்றாள்.

அதற்கடுத்த ஜூலையோ ஆகஸ்டோ, மழை விடாமல் பிடித்த மாதத்தில் போய்விட்டாள். ஊதா ஸ்வெட்டரோடுதான் படுக்க வைத்திருந்தார்கள். கணவரும் அழுதார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். அவருக்கும் யாரும் எதையும் சொல்லவில்லை, அவராகக் கேட்கவும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து, தைத்ததைக் கொடுக்கப் போனபோது அவர் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். பெங்களூர் அண்ணன் எழுதியது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் நானே வந்து அழைத்துப் போயிருப்பேனே" என்று இருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரவிக்கைகளை எண்ணிப் பார்க்காமலே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குத் தைக்கவில்லை. பேச்சுத் தமிழை ரேடியோவிலும், ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்களிடமும் காது கொடுத்துக் கற்றுக்கொண்டேன். யாரிடம் பேசுவதற்கு என்று கேட்காதீர்கள்.

தேதி, கப்பல், வீதி எல்லாம் தப்பாக இருக்கலாம், தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். அல்சூரில் அந்த வீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்லவேண்டும். ஸ்டேஷனில் வண்டி நகரும்போது மொரீஷியஸ்காரி என்ன சொன்னாள் என்று உங்கள் பெரியவர் எப்போதாவது வீட்டில் பேசியதுண்டா? நான் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் அதையே எழுதுங்கள்.