நிழலில் வைத்த படம்

காலையில் மகள் கோந்தைக் கொட்டிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தார் முன்னால் கத்திவிட்டேன். தரையைத் துடைத்த பிறகும் கோந்து வாசனை போகவில்லை. என் சின்ன வயதில், கரையான்சாவடியில் அப்பா புகைப்படம் அச்சுப் போடும் மொட்டைமாடியிலும் இதே வாசனைதான். கோந்தில் கரியையும் வெளிச்சம் பட்டால் இறுகும் மருந்தையும் குழைத்துப் பூசிய தாளின்மேல் பிலிமை வைப்பார். வெளிறிய பிலிம் என்றால் நிழலில் மெல்லப் பதியவிடுவார், அப்போதுதான் கறுப்பும் வெள்ளையும் பிரியும். நேர் வெயிலில் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். ஊரைவிட்டே போகவிருந்த தையல்கார பாய், இறந்த மனைவியின் படத்துக்குக் காத்திருந்தார். விளையாடப் போகும் அவசரத்தில், சீக்கிரம் பதியட்டும் என்று, நிழலில் இருந்ததை நான் வெயிலுக்கு நகர்த்திவிட்டேன்.

"இன்னா நைனா, கண்ணும் மூக்கும் ஒண்ணாக் கீது? ரயிலுக்கு வேற டைம் ஆயிச்சே" என்றார் பாய்.

"நாந்தான் மறந்து வெயில்ல வெச்சிட்டேன், பாய்" என்றார் அப்பா.

பாய் குனிந்திருந்த என் தலையைப் பார்த்தார். படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

காலையில் என் மகளும் அப்படித்தான் குனிந்து நின்றாள்.