டவரோடு பேசியே தீர்ந்த பேட்டரி

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில்தான் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் இரண்டே பேர். நானும், நூற்பாலையில் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு வந்த ஒரு அண்ணாச்சியும். கீழே பாகு காய்ச்சுகிற வாசனை மதியம்வரை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இப்போது நான் வேலை பார்க்கும் சென்னை அலுவலகத்தில் ஏ.சி. வாசனையைத் தவிர எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, அந்த மாடி அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

நாங்கள் செய்தது ஒரு சின்னப் பெட்டி. கரிசல் காட்டில் நட்டுவைத்தால் மண்ணின் ஈரத்தை மணிக்கொரு தடவை அளந்து, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக அனுப்பும்; விதைக்கிற அளவு ஈரம் வந்தால் மட்டும் செல்போனில் சேதி வரும். எங்கள் பக்கத்து மழை எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பெய்யாது. கோவில்பட்டியில் கொட்டும், மணியாச்சியில் புழுதி பறக்கும். காடு ஓரிடம், வீடு ஓரிடம் என்று இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி உதவும் என்று நம்பினோம்.

முதலில் வாங்கியவர் ஒரு அக்கா. மணியாச்சிப் பக்கம் எட்டு ஏக்கர் மானாவாரி நிலம் அவருக்கு. பிள்ளைகளின் படிப்புக்காகக் கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். கணவர் லாரியோடு வடக்கே போனால் வர மாதமாகும். விதைப்பு, களையெடுப்பு எல்லாம் அக்காவின் பொறுப்புதான். பேட்டரி மூன்று வருஷம் தாங்கும் என்று அவரிடம் சொன்னவள் நான்.

ஐந்தாவது மாதமே பெட்டி ஊமையாகிவிட்டது. அது ஐப்பசி மாதம். ஒரு வாரம் கழித்து அக்கா மாடியேறி வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பெட்டி ஒண்ணும் சொல்லல. சரி, மழை இல்லபோலன்னு இருந்துட்டேன் மேடம். நாலு நாள் கழிச்சுப் பக்கத்துக் காட்டுக்காரவிய சொல்லித்தான் தெரியுது. அவிய எல்லாரும் உளுந்து வெதச்சு முடிச்சுட்டாவ. என் காட்டுல மேல்மண்ணு காஞ்சு கெடக்கு."

அடுத்த மழைக்குக் காத்திருந்து பிந்தி விதைத்தார். அந்த வருஷம் உளுந்து பாதிதான் காய்த்தது. பெட்டி இல்லாவிட்டால் அவர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருப்பார். எங்களை நம்பியதால்தான் போகவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாளே மூவரும் அந்தக் காட்டுக்குப் போனோம். அண்ணாச்சி வேலிக்கருவை மர நிழலில் சாக்கை விரித்து, புதுப் பேட்டரியைப் போட்டு, மின்சாரம் எவ்வளவு போகிறது என்று காட்டும் கருவியை மாட்டினார். பெட்டி விழித்தது. என் லேப்டாப் திரையில் ஒரு கோடு எழும்பி, இறங்காமல் நின்றது.

"அனுப்பிட்டா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இன்னும் இல்ல. இப்பதான் டவரக் கூப்பிட்டுக்கிட்டிருக்கு."

பெட்டி தன் சிம் எண்ணைச் சொன்னது. டவர் சரிபார்த்தது. பெட்டி அனுமதி கேட்டது, டவரிடமிருந்து அனுமதி வந்தது, தனி வழி ஒதுக்கப்பட்டது. அதன் பிறகு ஈரத்தின் அளவு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட்டது. மொத்தமே பன்னிரண்டு பைட், அதாவது பன்னிரண்டு ஆங்கில எழுத்து அளவு. அப்போதும் கோடு இறங்கவில்லை. இன்னும் ஏதாவது வருமோ என்று டவர் இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. பெட்டியும் கூடவே விழித்திருந்தது. ஒரு நாளைக்கு இருபத்துநான்கு தடவை இதே கூத்து.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ சேதி சொல்லதுக்கு இல்ல, முன்னயும் பின்னயும் பேசுததுக்குத்தான் பேட்டரி போகுதா?"

"ஆமாக்கா."

"டவருக்கு இந்தப் பெட்டிய முன்னமே தெரியும்லா? ஒவ்வொரு தடவையும் யாருன்னு ஏன் சொல்லணும்?"

"தப்பு எம்மேலதான்க்கா. அனுப்பி முடிச்சதும் டவரோட பேசுத மோடத்த முழுசா அணைச்சுடுத மாதிரி எழுதிவச்சிருக்கேன். பேட்டரி மிச்சமாகும்னு நெனச்சேன். அணைச்சா டவர் பெட்டிய மறந்துருது. காட்டுல வந்து அளந்து பாக்காம விட்டுட்டேன்."

அக்கா தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினார். "மொதல்ல சாப்பிடு," என்றார். அதுவரை மேடம் என்றவர், அன்றுதான் நீ என்று பேசினார்.

அடுத்த இரண்டு மாதம் மாடியிலேயே கிடந்தேன். முதலில், டவரில் பெட்டிக்கு இருக்கும் பதிவை முறிக்காமல் தூங்கும்படி மோடத்தை மாற்றினேன். விழித்ததும் டவருக்கு அடையாளம் தெரியும். அடுத்து, செய்தியோடு 'இதற்குமேல் ஒன்றும் இல்லை' என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன். டவர் உடனே இணைப்பை விட்டது. கடைசியாக, இணைப்புக் கேட்கும் முதல் கோரிக்கையிலேயே அந்தப் பன்னிரண்டு பைட்டையும் ஏற்றிவிட முடியும் என்று கண்டுகொண்டேன். அந்த டவரில் அதற்கு வசதி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். திரையில் கோடு எழும்பிய வேகத்தில் இறங்கியபோது அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

அக்காவின் காட்டிலேயே அதை நட்டோம். அவர் மட்டும் இந்தத் தடவை பெட்டியை முழுசாக நம்பவில்லை. வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய்க் காட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த ஐப்பசியில் ஒரு காலைநேரம் அவரிடமிருந்து போன்.

"ஏட்டி, ஈரம் வந்துட்டுன்னு சொல்லுது. டிராக்டருக்குச் சொல்லிட்டேன். நீ வாரியா?"

நானும் அண்ணாச்சியும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். காட்டில் கால் வைத்ததும் கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டது. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நின்றது மண். சாயங்காலம்வரை அக்கா டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்தார். நாங்கள் சும்மாதான் நின்றோம். ஆனாலும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

பிறகு ஆர்டர் போதாமல் கம்பெனியை மூட வேண்டியதாயிற்று. அண்ணாச்சி மறுபடியும் மில் வேலைக்குப் போய்விட்டார். என்னை இங்கே சென்னையில், பேட்டரியை மிச்சம் பிடிக்கும் இதே வேலைக்குத்தான் எடுத்தார்கள். எல்லாப் பரிசோதனையும் ஆய்வகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

விதைத்த அன்று காட்டிலிருந்து திரும்பும்போது, கரிசல் அப்பிய எங்கள் கால்களைப் பார்த்து, "பஸ்ஸுக்குள்ள வெதைக்கப் போறீங்களா?" என்று கேட்டார் கண்டக்டர். படியில் நின்று மண்ணை உதறிப் பார்த்தோம். போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு கோவில்பட்டிவரை நின்றபடியே வந்தோம்.