லாரிப் பாட்டுக்கு விழுந்த கோல்

பிள்ளைப்பாக்கம் போகிற சாலையில், ஆண்கள் ஹாஸ்டலுக்கு எதிரில் எனக்கு ஒரு டிபன் கடை. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இட்லி, வடை, டீ. ஃபுட்பாலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரர் இந்த வட்டாரத்து மேட்சுகளுக்கு ரெஃப்ரீ. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவரைத் திட்டியது போதாதென்று, திங்கட்கிழமை காலையில் என் கடைக்கே வந்து, என் இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டே திட்டுவார்கள். நான் சும்மா விடுவேனா? "இன்னொரு வார்த்த பேசினா சட்னி கெடையாது" என்று கரண்டியைத் தூக்கிவிடுவேன்.

அவருக்கு ஊர் மறைமலை நகர் பக்கம். எனக்குக் குன்றத்தூர். பிள்ளைப்பாக்கத்து டீமுக்கும் நாங்கள் சொந்தமில்லை, தெற்கிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஹாஸ்டல் பையன்களின் டீமுக்கும் சொந்தமில்லை. அதனால்தான் விசிலை இவர் கையில் கொடுத்தார்கள். இளம் வயதிலிருந்து பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற மெஷினோடு நிற்கிற மனுஷன். வீட்டில் வாயே திறக்க மாட்டார். மைதானத்தில் இறங்கினால் மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும்.

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு ஃபைனல் கூட ஊதியதில்லை. இங்கே அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஃபைனலில் ஆடுகிற இரண்டு டீமையும் கேட்டால் அவரவர் தனக்கு வேண்டிய ஆளைத்தான் சொல்வார்கள் என்று, செமி ஃபைனலில் தோற்ற இரண்டு டீமும்தான் ஃபைனலுக்கு ரெஃப்ரீயைச் சொல்ல வேண்டும். தோற்றவனுக்கு யார் ஜெயித்தால் என்ன? இந்த வருஷம் சனிக்கிழமை தோற்ற டீம் இவர் பெயரைச் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தது ஹாஸ்டல் டீம். அவர்கள் தோற்றதே இவர் கொடுத்த கோலால்தான். அந்தத் திங்கட்கிழமை அவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று விடியற்காலையிலிருந்தே ஹாஸ்டல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிற நேரம். பிள்ளைப்பாக்கத்துப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு வருகிறான். அப்போது மைதானத்து ஓரத்தில் ஒரு தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்தது. ரிவர்ஸ் எடுத்தால் அந்த லாரி ஒரு பாட்டு போடும். கம்பெனியில் வேலை ஓடுகிற லைன் கோளாறாகி நின்றால் ஒலிக்கிற அதே பாட்டு! அது கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு நிமிர வேண்டும், அதுதான் அங்கே சட்டம். ஹாஸ்டல் டீமின் பின்வரிசைப் பையன்கள் எல்லாரும் ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள். பாட்டு கேட்டது, காலை நிறுத்தினார்கள், எந்த மெஷினுக்கு மேலே கோளாறு விளக்கு எரிகிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பந்து பின்னால் போய் வலைக்குள் விழுந்தது. என் வீட்டுக்காரர் கோல் என்று கையைக் காட்டிவிட்டார்.

காலையில் முதலில் வந்தது ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பிள்ளைப்பாக்கத்துக்காரர். அவர் ஊர் டீம் எங்கே ஆடினாலும் ஆட்டோவைப் பூட்டிவிட்டுப் போய் நிற்கிறவர். பின்னாலேயே ஹாஸ்டல் டீமின் மேனேஜர் வந்தான். தூத்துக்குடிக் கடற்கரைப் பையன், லைனில் வேலை, இவன் கத்துகிற கத்தலில்தான் அந்த டீமே ஓடும். ஃபைனலுக்கு யார் என்று சொல்ல வேண்டியவன் அவன்தான். கூடவே நைட் ஷிப்ட் முடித்த பையன்கள் சிலர்.

"எக்கா, நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க," என்று உட்காரும்போதே ஆரம்பித்தான். "அது கோலா?"

"எங்கிட்ட கேக்காத. எனக்கு இட்லிதான் தெரியும்."

"கோல்தான்," என்றார் ஆட்டோக்காரர். "விசில் வந்துச்சா? வர்ல. அப்ப இன்னாத்துக்கு நின்னானுங்க? லாரி பாடினா ஆடறத நிறுத்தணும்னு எந்த ரூல்ல கீது?"

"எங்க பயலுவ நிக்கது கண்ணுக்குத் தெரியுதுல்லா? பாட்டு கேட்டு நிக்கானுவன்னு தெரியாதா? விசில ஊதி ஆட்டத்த நிறுத்திருக்கணுமா இல்லியா?"

"நாளைக்கு எவனாவது செல்போனு அடிச்சா கூட நிறுத்தச் சொல்லுவ போல கீது!"

"நீரு சும்மா இரும்வே. அந்தப் பாட்டு கரையில நின்ன ஆடு மாட்டுக்கெல்லாம் கேட்டுச்சு. இவருக்கு மட்டும் கேக்கலியாக்கும்?"

என் வீட்டுக்காரர் சாலைப் பக்கம் முதுகைக் காட்டி, மூலையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேச்சுக்கும் நிமிரவில்லை. "பாத்தியளா, என்ன எகத்தாளம்," என்று பையன் பல்லைக் கடித்தான். எனக்கும் எரிச்சலாகத்தான் வந்தது. ஒரு வார்த்தை பதில் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

அப்போதுதான் ஹாஸ்டலுக்குத் தண்ணீர் ஊற்ற லாரி வந்தது. வாசலில் திருப்பி, ரிவர்ஸ் எடுத்தது. கீச்சென்ற மெல்லிய குரலில் அதே பாட்டு.

கடையில் ஒரு கையும் அசையவில்லை. ஒருத்தன் வாய் வரைக்கும் கொண்டுபோன இட்லியோடு நின்றான். இன்னொருத்தன் டீ கிளாஸை நீட்டியபடி இருந்தான். அத்தனை பேரும் தலையைத் தூக்கி என் கூரையைப் பார்த்தார்கள். மறு நிமிஷம் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாரும், பாரும், இதத்தான சொன்னேன்!" என்று மேனேஜர் பையன் கை தட்டினான். ஆட்டோக்காரரும் சிரித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். லாரி பாடிக்கொண்டே இருந்தது. பிறகு ஏதோ தோன்றித் தலையை உயர்த்தி, எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"இன்னாடா எல்லாரும் சிரிக்கறீங்க?" என்றார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. ஆட்டோக்காரர் லாரியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். குக்கர் கரடியாய்க் கத்தினாலும் இவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பது, பக்கத்தில் போன் அடித்தாலும் எடுக்காதது, எல்லாம் ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. கடவுளே, கூடவே படுத்து எழுந்திருக்கிற எனக்கே தெரியவில்லையே!

மேனேஜர் பையன் எழுந்து போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தான். "அண்ணாச்சி," என்றான், மெதுவாக. "லாரி பாடுதது ஒங்களுக்குக் கேக்கலியா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கீச்சுன்னு மெல்லிசா வர்ற சத்தம் எதுவும் கேக்கறதில்லடா," என்றார். "மூஞ்சியப் பாத்து பேசினா புரிஞ்சிக்குவேன். மெஷின் சத்தத்துலயே காலம் போச்சில்ல."

"அப்ப விசிலு?"

"ஊதறது ஒதட்டுல தெரியும். நீங்கல்லாம் நிக்கறத பாத்து, சரி, சத்தம் வந்துச்சுன்னு தெரிஞ்சிக்குவேன்." அவர் பையனின் முகத்தைப் பார்த்தே பேசினார். "நேத்து உங்க பசங்க நின்னப்ப, நாந்தான் ஊதிட்டனோன்னு ஒரு நிமிஷம் பயந்தே போய்ட்டேன். வாயத் தொட்டுப் பாத்தேன். விசில் கையில இருந்துச்சு. ஊதலன்னு தெரிஞ்சுது. அதான் கோல் குடுத்தேன். பாட்டு கேட்டிருந்தா நிறுத்தித்தான் இருப்பேன். உம்மேல தப்பில்ல."

பிறகு சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஃபைனலுக்கு வேற ஆளப் பாருங்க. உங்க டீமுக்கு நடந்தது வேற எவனுக்கும் நடக்கக் கூடாது."

எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தார்! முதல் டீம் இவர் பெயரைச் சொன்ன சனிக்கிழமையிலிருந்தே ஒரு சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தவர் இவர். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, வடையைப் போடத் தோன்றவில்லை.

பையன் விசிலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "அண்ணாச்சி, அது கோல் இல்ல. நான் சாவுத வரைக்கும் சொல்லுவேன், அது கோலே இல்ல."

"தெரியும்டா."

"ஆனா ஃபைனலுக்கு நீங்கதான் ஊதணும். எங்க டீம் சொல்லியாச்சு. வேற எவனையும் ஏசி எனக்குப் பழக்கமில்ல பாத்துக்கிடுங்க."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "கேக்காதவன் எப்டிடா ஊதறது?"

"ஏதும் சத்தம் வந்தா நான் கையத் தூக்குதேன். நீங்க என்னியப் பாருங்க, போதும்."

அவர் மேஜையைப் பார்த்தபடி குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆட்டோக்காரருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "டேய், அவரு கிரவுண்டு பூரா ஓடிக்கினு இருப்பாரு. ஒரு நேரம் இந்தாண்ட பாப்பாரு, ஒரு நேரம் அந்தாண்ட பாப்பாரு. நீ எங்கடா நிப்ப?"

"எதுக்கு நிக்கணும்? அவரு எங்க பாக்காரோ அந்தப் பக்கம் கோட்டுக்கு வெளிய நானும் ஓடுதேன்."

"ஆட்டம் முழுக்கவா?"

"ஆமா, ஆட்டம் முழுக்க. அதுக்கென்ன இப்ப?"

ஆட்டோக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன்மேல் எறிந்தார். "அப்ப ஒரு பக்கம் நான் ஓடறேன்டா. நீ மட்டும் ஓடினா எங்க டீமுக்கு எதிரா கையத் தூக்கிடுவ."

குனிந்திருந்தவருக்கு இதில் எதுவும் போய்ச் சேரவில்லை. யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்து, நிமிர்ந்து என்னைத் தேடினார். "இன்னா சொல்றாங்க?" என்றார்.

அடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே கத்துவதுதான் என் வழக்கம். அன்றைக்குத் தீயைக் குறைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய், அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன்.

"ரெண்டு பேரும் உங்க கூடவே ஓடறாங்களாம். சத்தம் வந்தா கையத் தூக்கறாங்களாம். ஆட்டம் முடியற வரைக்கும்."

அவர் அந்தப் பையனை ரொம்ப நேரம் பார்த்தார். நைட் ஷிப்ட் ஷூவைக் கூட இன்னும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ராத்திரி பூரா நின்னுட்டு வந்து ஓடுவியா?" என்றார். "கால் நோவும்டா."