நாரியில் பூசிய மடு எண்ணெய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். ஆனால் அதில் எதைக் கேட்டார், எதை விட்டார் என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்கில், சில்க்போர்க்கில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி தூக்கினேன். மனைவி மேரி இலங்கையில், மன்னாரில். அவளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. அந்த வருடங்களில் அகதியாய் வந்த எங்கள் ஆட்கள் பலருக்கும் இதே கதிதான். ஏன் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு நாரி, இடுப்புப் பக்கத்து முதுகு, பிடித்துக்கொண்டது. ஒரு வருடத்துக்கு மேலாகியும் வலி விடவில்லை. குனிந்தால் நிமிர முடியாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள்.

என் அறையில் இருந்த சூசை அண்ணைக்கும் அதே தொழிற்சாலைதான். நான் முடியாமல் நின்ற நாட்களில் என் பெட்டிகளையும் அவர்தான் தூக்கினார். ஒருநாள் வெடித்துவிட்டார்.

"படத்திலை ஒண்டும் இல்லையாமே! சும்மா சாட்டுச் சொல்லாதை."

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. முதுகு நோ உண்மையா, நான்தான் நடிக்கிறேனா? முழங்காலில் நிற்கவும் முடியாமல் கட்டிலில் கிடந்து அழுதேன். "ஆண்டவரே, இந்த நோவை எடுத்துவிடும். இல்லாட்டி ஆருக்காவது காட்டிவிடும்."

கொஞ்ச நாளில் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத் தசையை அளக்கக் கூப்பிட்டார்கள். எங்கள் மன்னார்ப் பக்கத்து மடுமாதா கோயில் மண் கலந்த எண்ணெய் ஒரு போத்தல் மேரி கொடுத்தனுப்பியிருந்தாள். பூசிவிடச் சொல்லி அண்ணையைக் கேட்க ரோசம் விடவில்லை. கையை முறுக்கி நானே முதுகு முழுக்க அப்பிக்கொண்டு போனேன்.

தாதி வயர் பூட்டிய வில்லைகளை முதுகில் ஒட்டினாள். எல்லாம் வழுக்கி விழுந்தன. இது என்ன என்று கேட்டாள். மடுமாதாவை டேனிஷில் எப்படிச் சொல்வது? மருந்து என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஸ்பிரிட்டால் துடைத்தாள். ஐயோ, என் செபத்தையெல்லாம் துடைத்துவிட்டாளே என்று பதறிப்போனேன்.

டாக்டர் முழுதாகக் குனிந்து தளர்ந்து நிற்கச் சொன்னார். திரையில் ஒரு கோடு துடித்துக்கொண்டே இருந்தது. திரும்பவும் செய்யச் சொன்னார். அதே துடிப்பு. அவர் மெல்ல மெல்லச் சொல்லி விளங்கவைத்தார். நோ இல்லாதவர்கள் இப்படிக் குனிந்தால் அந்தத் தசை ஓய்ந்துவிடுமாம், கோடும் படுத்துவிடுமாம். நாட்பட்ட நோக்காரர் பலருக்கு அது ஓயாதாம். "உங்கள் முதுகு ஓயவே இல்லை. நீங்கள் சொல்வதை நம்புகிறேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்தார்.

"எண்ணெய்ப் போத்தல் எங்கை?"

"மேசையிலை. வேண்டாம் அண்ணை."

"குப்புறப் படு எண்டுறன்! மேரி வருமட்டும் உனக்கு ஆர் பூசுறது?"

அவரே நாரியில் எண்ணெய் பூசிவிட்டார். அன்றைக்குத்தான் நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் பயிற்சி தந்தார்கள், தொழிற்சாலையில் பாரம் தூக்காத வேலை தந்தார்கள். சில வருடங்களில் மேரியும் வந்து சேர்ந்தாள். நோ குறைந்தது, முற்றாகப் போகவில்லை. குறைத்தது மாதாவா, மருந்தா, அண்ணையின் கையா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மூன்றுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

நோவோடு இருக்கிறவர்களே, விளங்காவிட்டாலும் ஆண்டவரிடம் கேளுங்கள். அளக்கப் போகிற நாளில் மட்டும் எண்ணெய் பூசாதீர்கள். வீட்டுக்கு வந்தபிறகு, பூசிவிடச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவரையும் கேளுங்கள்.